இரண்டு பெட்டியிலும் குற்றமில்லை

தாராவி, மும்பை
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் சாதனாவுக்கு அப்பா செல்லத்துரை எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே கல்கரியில் நீயும் மாப்பிள்ளை கேஷவும் மானசாக் குட்டியும் அந்தக் குளிரிலும் தெம்பாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு ஏற்றும்போது கேட்டுக்கொள்கிறோம். மற்றதெல்லாம் பிறகு, முதலில் இதைப் படி. வியாழக்கிழமை மானசாவைப் பேச்சு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். குழந்தையின் பேச்சில் ஒரு குறையும் இல்லை. குறை இருக்கிறது என்று நாலு மாதமாக உன்னைப் பிடுங்கி எடுத்தவனும் நான்தான், இல்லை என்று இப்போது எழுதுகிறவனும் நான்தான். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இதைப் போனில் சொன்னால் ஆகாதா என்று நினைப்பாய். அம்மாவும், நீங்க பேசாட்டி நான் பேசுதேன் என்று போனைக் கையில் எடுத்துவிட்டாள். தப்புப் பண்ணியவன் நான், நானே எழுதிக்கொள்கிறேன் என்று வாங்கி வைத்துவிட்டேன். நீ எழுத்துக்கூட்டித்தான் தமிழ் படிப்பாய் என்று பெரிய பெரிய எழுத்தாகப் போட்டிருக்கிறேன். அம்மா பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்புவாள். அதை எந்த ஆப்பிலாவது போட்டு இங்கிலீஷாக மாற்றிப் படிக்காதே, மெதுவாக நீயே படி.

தீபாவளிக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த புதுக் கீபோர்டைப் பற்றி அப்பா நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று உனக்கு வருத்தம், அம்மா சொன்னாள். பழைய பெட்டி மங்கிப் போச்சு, சத்தம் எழும்பவில்லை என்று நான் புலம்பியதைக் கேட்டுத்தானே நீங்கள் வாங்கினீர்கள். அந்தப் பழைய வொர்க்ஸ்டேஷன் கீபோர்டு வந்தபோது நீ ஆறாம் வகுப்பு, அதன் கேஸ் மேல் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுவாய். தூக்க இரண்டு ஆள் வேண்டும், திரை பாதி இருட்டு, ஃபிளாப்பி போட்ட இடத்தில் இப்போது பென் டிரைவ் வைக்கிற மாதிரி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதற்குள் நானே ராவிராவிச் செய்த சத்தங்கள் நூற்றிருபத்தெட்டு இருக்கின்றன, எந்தப் பாட்டுக்கு எந்த நம்பர் என்று என் விரலுக்குத் தெரியும். புதுசில் ஆயிரக்கணக்கில் சத்தம் இருக்கிறது, திரையைத் தொட்டால் போதும், ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறலாம். இருந்தும் எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் சலங்கை. அம்மன் பாட்டுக்கென்று மணியையும் கிலுகிலுப்பையையும் கலந்து பழைய பெட்டியில் ஒரு சலங்கைச் சத்தம் செய்து வைத்திருந்தேன், நம் பாட்டு ட்ரூப்புக்கே அதுதான் அடையாளம். இரண்டு வருஷமாக அது தேய்ந்துகொண்டே வந்தது. நானும் மேல் சத்தத்தை, டிரெபிள் என்பார்களே, அதை ஒவ்வொரு கச்சேரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனேன். அப்படியும் எழும்பவில்லை. சரி, பெட்டிக்கு வயசாகிவிட்டது என்று முடிவுகட்டினேன். புதுசு வந்தது, அதில் சலங்கை தேடினால் அதிலும் இல்லை. இந்தக் காலத்துக் கம்பெனிக்காரன் பெயரை மட்டும் எழுதிவிட்டு உள்ளே ஒன்றும் வைக்காமல் விற்கிறான் என்று உன்னிடமே கத்தினேன், ஞாபகம் இருக்கும்.

வருகிற ஞாயிறு மான்குர்த்தில் கோயில் கொடைத் திருவிழா, நம் கச்சேரி. எந்தப் பெட்டியை எடுத்துப் போவது என்று போன வாரம் பிராக்டிஸ் ரூமில் பெரிய வாக்குவாதம். ரிதம் பேட் வாசிக்கிற நம்பிராஜனை உனக்குத் தெரியும், உன் கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தியைவிட்டு எழுந்திருக்காதவர். அவர், புதுசைக் கொண்டாங்க அண்ணாச்சி, பழசை வாசிச்சது போதும் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பழசில் குறை இருந்தாலும் அது என் பெட்டி, கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்லுவேன் என்று வாயை விட்டேன். மிக்ஸரில் உட்காருகிற காசிம் அதைப் பிடித்துக்கொண்டான். இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் மாட்டி, என்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, நம்பிராஜனை வாசிக்கச் சொன்னான். முதலில் பியானோ. புதுசுதான் என்று உடனே சொன்னேன், பியானோவில் பழசு அதன் பக்கத்தில் நிற்கக்கூட முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்து வயலின் கூட்டம். பழசு. புதுசின் வயலின் தனியாகக் கேட்டால் அழகுதான், ஆனால் பேட் அடி விழுந்ததும் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது, பழசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வரும். டிரம்பெட்டும் அப்படித்தான், பழசு. எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டேன், தலைகால் புரியவில்லை எனக்கு. இப்போ சலங்கை என்றான் காசிம். உட்கார்ந்திருந்தேன். ஃபேன் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. என்னவே நம்பி யோசனை, வாசியும்வே என்றேன். திரும்பிப் பார்த்தால் நம்பிராஜன் ஒரு கையைப் பழசிலும் ஒரு கையைப் புதுசிலும் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருக்கிறார். காசிம் வந்து என் தோளைத் தொட்டு, அண்ணாச்சி, அவரு அப்பமே புடிச்சு ரெண்டுலயும் மாத்தி மாத்தி வாசிச்சிட்டுத்தான் இருக்காரு என்றான்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நான் டிரெபிளை ஏற்ற ஏற்ற, காசிம் தன் பக்கம் இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறான், இரண்டு வருஷமாக. திலக் நகர் கச்சேரிக்கு அவன் காய்ச்சலில் வரவில்லை. அன்றைக்கு முன்வரிசைப் பெண்கள் காதைப் பொத்தியதை நானே பார்த்தேன், பட்டாசுக்காகப் பொத்துகிறார்கள் என்று நினைத்தேன். அங்கே பட்டாசே போடவில்லையாம். ஏன்டா இத்தனை நாள் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். நீங்க மூத்தவரு, ஒங்க காதைப் பத்தி நாங்க எந்த வாயால சொல்ல என்றார் நம்பிராஜன். இந்தப் பழக்கத்தை அவர்களுக்குப் பழக்கியவனே நான். மாட்டுங்கா அனந்தகிருஷ்ணன் சார் நம்மோடு பாடிக்கொண்டிருந்தார் இல்லையா, வயதாகி அவருக்குச் சுருதி எட்டாமல் போனபோது ஒரு வார்த்தை சொல்லாமல் பட்டனை அமுக்கி அரைக் கட்டை இறக்கி, பிறகு ஒரு கட்டை இறக்கி வாசித்துக் கொடுத்தேன். தன் குரல் அப்படியே இருக்கிறது என்று நம்பிக்கொண்டேதான் அவர் பாடுவதை நிறுத்தினார். அதை மரியாதை என்று சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். நமக்கே யாராவது அதைச் செய்தால் எப்படி இருக்கும் என்பது இப்போதுதான் தெரிகிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. வாஷிங் மிஷின் துவைத்து முடித்துக் கீ கீ என்று கூப்பிட்டால் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பேனாம், அவள்தான் குளியலறையிலிருந்து ஓடி வருவாளாம். சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்த்து, ஏங்க, அப்போ நம்ம மானசா என்றாள். பிள்ளை பாதி எழுத்தை முழுங்குகிறாள், மூணு வயசாகியும் வார்த்தை தெளியவில்லை என்று நான் சொன்னதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. தமிழ், மராத்தி, இங்கிலீஷ் என்று மூன்றையும் போட்டுக் குழந்தையைக் குழப்புகிறீர்கள் என்று மாப்பிள்ளையிடமே சொன்னேனே. அதிலிருந்து அவர் குழந்தையோடு மராத்தி பேசுவதையே விட்டுவிட்டாராம். நீ வேலைக்குப் போவதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டதோ என்று அம்மாவிடம் அழுதாயாம். பிள்ளை நன்றாகத்தான் பேசுகிறாள் என்று ஸ்கூல் டீச்சரும் நீயும் சொன்னபோது, டீச்சருக்கு என்ன தெரியும், முப்பது வருஷம் சத்தத்திலேயே வாழ்ந்தவன் சொல்கிறேன் என்றேன். அந்த முப்பது வருஷம்தான் என் காதைத் தின்றிருக்கிறது.

மறுநாளே கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு காது டாக்டரிடம் போனோம். சின்ன அறையில் கதவைச் சாத்தி, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். பரீட்சைக்கு உட்கார்ந்த பையன் மாதிரி கேட்காததற்கும் இரண்டு தடவை அமுக்கினேன், பரிசோதனை செய்த அம்மா கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு டாக்டர் ஒரு கோடு காட்டினார், பாதி தூரம் நேராகப் போய் அப்படியே பள்ளத்தில் இறங்குகிறது. கனத்த சத்தமெல்லாம் கேட்குமாம், மெல்லிசான மேல் சத்தம் கேட்காதாம், சலங்கை, மணி, பேச்சில் ச, ஸ மாதிரி எழுத்துகள், முக்கியமாகக் குழந்தைகள் குரலில். மேடையில் எங்களுக்குக் கேட்பதற்காக வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கரை எப்போதும் வலது பக்கமே வைத்தேன், அந்தக் காதுதான் ரொம்ப மோசம். போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். பரிசோதனைக்காக ஒரு காது மிஷினை மாட்டிவிட்டார்கள். முதலில் பேப்பர் கசங்குவது, அம்மாவின் வளையல், செருப்பு உரசுவது என்று எல்லாம் ஒரேயடியாக மேலே விழுந்தது, கழற்றி எறியலாம் என்றிருந்தது. அம்மாதான் போனை எடுத்து, நீ போன மாதம் அனுப்பிய மானசாவின் வாய்ஸ் மெசேஜைப் போட்டாள். அதை நாற்பது தடவை கேட்டிருப்பேன், எனக்கு அது வெறும் ஆ, ஓ என்றுதான் கேட்கும். அன்றைக்கு அவள், தாத்தா, ஸ்கூலுக்குச் சிவப்பு சாக்ஸ் போட்டேன், சப்பாத்தி சாப்பிட்டேன் என்று ஒவ்வொரு எழுத்தாக வைத்துப் பேசினாள். எதை முழுங்கினாள்? ஒன்றையும் முழுங்கவில்லை. டாக்டர் அறையிலேயே அழுதுவிட்டேன், எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

என்னை மன்னித்துவிடு என்று சொன்னால் போதாது என்று தெரியும். மாப்பிள்ளையிடம் சொல், அவர் தன் மொழியில் பிள்ளையோடு வாய் நிறையப் பேசட்டும், நாளைக்கு அல்ல, இன்றைக்கே. நானும் தனியாக அவருக்கு எழுதுகிறேன், ஹிந்தியில் எழுதினால் படித்துவிடுவார். நீ இனி ராத்திரி நிம்மதியாகத் தூங்கு. போனில் நீ பேசுவது பாதி புரியாமல் ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டு, லைன் சரியில்லை என்று அம்மாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதற்கும் சேர்த்துத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். எனக்கென்று அளவெடுத்த மிஷின் புதன்கிழமை வருகிறது. காது பழக ஒன்றிரண்டு மாதம் ஆகலாம் என்கிறார்கள், கொடையோ ஞாயிற்றுக்கிழமை. பாட்டெல்லாம் தகரம் தட்டுவது போலக் கேட்குமோ, மேடையில் எதையாவது தப்பாகத் தொட்டுவிடுவேனோ, காதில் மிஷினைப் பார்த்துவிட்டு கமிட்டிக்காரர்கள் அடுத்த வருஷம் வேறு ஆளைத் தேடிக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது, மறைக்கவில்லை. இரண்டு பெட்டியையும் எடுத்துப் போகிறேன். பியானோ, புல்லாங்குழலுக்கு உன்னுடையது, வயலின், டிரம்பெட்டுக்குப் பழசு. சலங்கையை நம்பிராஜன் பேடிலேயே வாசிக்கட்டும் என்று நானே கொடுத்துவிட்டேன். டிரெபிள் பட்டன் பக்கம் நான் கை வைத்தால் எல்லார் முன்னாலும் சொல்லு என்று காசிமிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவன் இப்போதே என்னைப் பார்த்தால் காதைத் தடவிக் காட்டிக் கிண்டல் பண்ணுகிறான்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக இருக்க எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்டை இன்றே ரத்து செய்துவிட்டு அம்மாவுக்கு ஒரு வரி அனுப்பு, அதுவரை எனக்குச் சோறு இறங்காது. இன்னும் ஒன்று. மானசாவுடைய பிறந்த நாளுக்கு நான் அனுப்பிய வெள்ளிக் கொலுசை நீங்கள் ஒரு நாள்கூடப் போட்டுவிடவில்லை, வீடியோவில் ஓடுகிறாள், ஒரு சத்தமும் இல்லை, அந்த ஊருக்கு அது பொருந்தாது போல என்று அம்மாவிடம் பல தடவை குறைப்பட்டிருக்கிறேன். அந்த வாய்ஸ் மெசேஜில் பேசி முடித்துவிட்டு அவள் ஓடுகிறாள் இல்லையா, காது மிஷினோடு கடைசிவரை கேட்டேன். கழற்றிவிடாதே, இருக்கட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
சு. செல்லத்துரை