கயிற்றைத் தடுக்கும் கை

என் ஆசை அம்மாவுக்கு,

நீ உயிரோடு இருந்தபோது நான் கடிதம் எழுதியிருந்தாலும், உன் தங்கச்சி ராணியைக் கூப்பிட்டுத்தான் படித்துக்காட்டச் சொல்லியிருப்பாய். இப்போது அந்தத் தொந்தரவு உனக்கு இல்லை. ஊரே கேட்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

காலேஜில் கடைசி வருடம் வந்துவிட்டேன். "படம் போடுறதுக்கெல்லாம் ஒரு படிப்பா?" என்று நீ சிரித்தாயே, அதே படிப்புதான். இந்த வருடம் மாணவர்களுக்கான வடிவமைப்புப் போட்டிக்கு ஆளுக்கொரு போஸ்டர் அனுப்ப வேண்டும். அதற்கு முன், பழைய வருடங்களில் பரிசு வாங்கிய மாணவர்களின் வேலைகளை மேசையில் பரப்பி, எது ஏன் ஜெயித்தது, அதிலிருந்து நமக்கு என்ன கிடைக்கும் என்று மதிப்பிட்டு எழுதச் சொன்னார் எங்கள் மேடம்.

நான் எதைப் பற்றிச் செய்வேன் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? புளி பொறுக்கும்போது உன்னைப் பாம்பு கடித்ததே, அதைப் பற்றித்தான். காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டால் விஷம் ஏறாது என்று நம்பி, உன்னை மரத்தடியிலேயே உட்கார வைத்திருந்தார்கள். ஜீப் பிடித்துத் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டது. கட்டக் கூடாது, காத்திருக்கக் கூடாது என்று நம் சனத்துக்கு யார் சொன்னார்கள்? அது எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும் அம்மா. எனக்கு இப்போது வேறு எதுவும் முக்கியமில்லை.

மேசையில் இருந்தவற்றில் முதல் பரிசு வாங்கிய ஒன்று என்னை அப்படியே நிறுத்திவிட்டது. பாம்புக்கடி பற்றியே ஒரு மாணவர் செய்த போஸ்டர். கறுப்புப் பின்னணியில் படமெடுத்து நிற்கும் தங்க நிற நாகம். செய்ய வேண்டியவை கீழே பொடி எழுத்தில். என்ன அழகு என்கிறாய்! தாராளமாகப் பாராட்டி எழுதிக் கொடுத்துவிட்டு, அதே பாணியில் நானும் ஒரு நாகம் வரைந்தேன். விடுமுறைக்கு மலைக்கு வந்தபோது நம் ஊர் நெல்லிவாசலில் ஜீப் நிற்கும் இடத்துச் சுவரில் ஒட்டினேன்.

மறுவாரம் வந்து பார்க்கிறேன், நாகத்தின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும். மேலே சாமந்திச் சரம். கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தது யார் தெரியுமா? உன் தங்கச்சியேதான்.

"இன்னா சின்னம்மா பண்றீங்க?"

"நாகம்மாவ வெயில்ல ஒட்டிட்டுப் போய்ட்டியே, ஒரு பொட்டாச்சும் வெக்க வேணாமா?"

"அதுல இன்னா எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"சாமி படத்துல இன்னாடி எழுதியிருக்கும்? யாரோட உபயம்னு போட்டிருக்கும்."

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நீ இருந்திருந்தால் நீயும்தான் கும்பிட்டிருப்பாய், இல்லையென்று சொல்லாதே. கோபமெல்லாம் என்மேல்தான். இந்த மலையில் பிறந்தவளுக்கு, நாகத்தைப் பார்த்தால் நம் சனம் என்ன செய்யும் என்று தோன்றவே இல்லையே! முதல் பரிசு என்றதும் புத்தி மழுங்கிவிட்டது.

திரும்பிப் போய் எல்லாவற்றையும் மறுபடி மேசையில் பரப்பினேன். பயந்து நடுங்கும் ஒருத்தி இதைப் பார்த்தால் அடுத்து என்ன செய்வாள்? இந்த முறை அந்த ஒரு கேள்விதான். பாதிக்கு மேல் அதிலேயே தோற்றுப்போயின.

"முதல் பரிசு வாங்கினதையே குறை சொல்றியா?" என்றார் மேடம்.

"நடுவருங்க பாத்து மார்க் போட்டாங்க மேடம். கடிபட்டவங்க யாரும் பாக்கலீங்களே."

நான் எழுதியதை வாங்கிப் படித்தார். பிறகு, "சரி, நீ எதை எடுத்துக்கப் போற?" என்றார்.

ஓரத்தில் கிடந்த ஒரு மூன்றாம் பரிசைக் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு மாணவி செய்த மாத்திரை உறைகள். காலை வேளைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா, அவ்வளவுதான். ஆனால் கூடவே அவள் வரைந்து கழித்த படங்களும் இருந்தன. வீடு வீடாகக் காட்டி, புரியாததை எல்லாம் அழித்து அழித்து வரைந்திருக்கிறாள். அந்த அலைச்சலைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

புதிய போஸ்டரில் பாம்பே கிடையாது. மெட்டி போட்ட ஒரு கால், அது உன் கால்தான். முதலில் கயிற்றின் மேல் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டேன். "ரெண்டு கயிறா கட்டணுமாம்மா?" என்று கேட்டார் ஜீப்புக்கு நின்ற ஒருவர். அழித்தேன். இப்போது கயிற்றோடு வரும் கையை இன்னொரு கை பிடித்துத் தடுக்கிறது. பிறகு கட்டிலோடு தூக்குகிறார்கள், ஜீப்பில் ஏற்றுகிறார்கள், ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறார்கள். திருப்பத்தூர் ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன்.

போன வாரம் சின்னம்மாவிடம் நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கயிறு கட்ட வர்ற கைய இன்னொரு கை புடிச்சிக்குது. கட்டக் கூடாதுன்றாங்க. அலுங்காம தூக்கினு போயி ஜீப்புல ஏத்துறாங்க." எழுத்தைப் படிக்காமலேயே எல்லாம் சொல்லிவிட்டார். பிறகு படத்தில் இருந்த காலைத் தொட்டார். "அன்னிக்கு அக்கா கால நான்தானடி இறுக்கிக் கட்டினேன்."

எனக்குத் தெரியும் அம்மா. உனக்கும் தெரியும். உன்மேல் உயிரை வைத்திருந்ததால்தான் அவ்வளவு இறுக்கிக் கட்டினார்.

"யாரும் உங்களுக்குச் சொல்லித் தரலீங்க சின்னம்மா. இனிமே நீங்க நாலு பேருக்குச் சொல்லுங்க."

இரண்டு பேரும் அழுது தீர்த்தோம். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எத்தினி இருக்குது? எல்லாத்தயும் குடு" என்று பசை வாளியைத் தூக்கினார். ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் ஒட்டியது அவர்தான். நின்று பார்த்த ஒவ்வொருவரிடமும், "நான் கட்டினேன், எங்கக்கா போய்ட்டா, நீங்க கட்டாதீங்க" என்று வாய்விட்டுச் சொன்னார்.

போட்டிக்கும் அனுப்பிவிட்டேன். பரிசு எனக்கு வேண்டும், பொய் சொல்ல மாட்டேன். பரிசு கிடைத்தால் அடுத்த வருடம் யாரோ ஒரு பிள்ளை இதை மேசையில் பரப்பும், அதன் ஊர்ச் சுவருக்கும் இது போகும். கிடைக்காவிட்டால் நிறுத்திவிடுவேனா? ஜீப் போகாத ஊர்களுக்கு நடந்தே போய் ஒட்டுவேன். புரியவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி வரைவேன். கடிபட்ட ஒருத்தி பிழைத்து, தன் காலால் நடந்து, தன் பிள்ளைகளிடம் திரும்பி வர வேண்டும். அதுவரை ஓய மாட்டேன், இது சத்தியம்.

இப்போது உன் தங்கச்சி கையால் சோறு தின்னும்
உன் மகள்,
செல்வி