எட்டு மணி நேரம் தாண்டிய பிறகு

12 ஜூலை 1994, செவ்வாய்

காங்கேயத்துப் பக்கம் காலை ஆறு மணிக்குத் தென்னையிலிருந்து விழுந்த பழனிச்சாமியைச் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. நரம்பைக் காக்கும் ஊசியை எட்டு மணி நேரத்துக்குள் போட்டிருக்க வேண்டும். தாமதமானாலும் இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்ப்போம் என்றார் பெரிய டாக்டர். இரண்டும் சேர்ந்தால் மிச்சமிருக்கும் நரம்பாவது பிழைக்குமா என்று அவருக்கும் நிச்சயமில்லை.

ஊசி ஏறும்போது அவர் மனைவி சரசு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்க டாக்டரம்மா, சுளுக்குன்னு நெனச்சு எண்ணெய் தேச்சு, மத்தியானம் வரைக்கும் ஊட்லயே படுக்க வெச்சுப்போட்டனுங்க. வெள்ளனே வந்திருந்தா நடந்திருப்பாருங்களா?”

நடந்திருக்கலாம் என்பதுதான் உண்மை. அந்தம்மாவின் கையில் எண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை.

“இல்லீங்கம்மா. எப்ப வந்திருந்தாலும் இப்படித்தான்” என்றேன்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நிம்மதியில் அழுதார் என்றே நினைக்கிறேன்.

பழனிச்சாமி தூங்குவதாக இருவரும் நினைத்திருந்தோம். அந்தம்மா தண்ணீர் பிடிக்கப் போனதும் கண்ணைத் திறந்தார்.

“நேரத்துல வந்திருந்தாலும் பிரயோசனமில்லீன்னா, இப்ப எதுக்குங்க ரெண்டு மருந்து?”

குழாயைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

“சரி, உடுங்க. எப்பக் கேட்டாலும் அவகிட்ட இதையே சொல்லிப்போடுங்க” என்றார்.

காலையில் போய் அவர் கால்விரலைக் கிள்ளிப் பார்க்க வேண்டும். போகவே மனமில்லை.