விளக்குக்கு எண்ணெய் விட்டவர்கள்

ப்ரோம்
20-11-1959

அன்புள்ள டோ ஓன் ஷ்வே அவர்களுக்கு,

தான் யின் எழுதுகிறேன். இங்கே நானும், மக்வேயில் மகன் டின் லுவினும் சௌக்கியம். அங்கே நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சௌக்கியமா?

சம்பந்தி என்று எழுத வந்த கையை அடக்கிக்கொண்டேன். நிச்சயத்துக்கு அடையாளமான ஊறவைத்த தேயிலையையே இன்னும் நாம் மாற்றிக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்கு அந்த அடக்கம் எங்கே இருக்கிறது! மக்வேயில் இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை என்கிற சாக்கில், என் மகன் வாயைத் திறந்தால் உங்கள் மகள் மா நுவே யீ புராணம்தான்.

பகானைப் போல ஊர் உலகத்தில் இல்லை என்று அவள் சொல்கிறாளாமே? எங்கள் ஊரின் பழைய தலைநகரமான ஸ்ரீக்ஷேத்திரம் வாழ்ந்து முடித்து மண்ணுக்குள் போன பிறகுதான் உங்கள் ராஜாக்கள் செங்கல்லே அறுக்க ஆரம்பித்தார்கள். அந்த இடிபாடுகளுக்குப் பக்கத்திலுள்ள மாவ்ஸா மியூசியத்துக்கு ஒரு நடை வந்து பாருங்கள். எங்கள் ராஜாக்களின் சாம்பலை வைத்த கல்சாடிகளே பெயரோடு இருக்கின்றன.

உங்கள் ஊரில் வருகிற ஆனந்தா கோயில் திருவிழாவுக்கு ஆற்றுக் கப்பலில் வரலாம் என்று எண்ணம். பெண்ணையும் பார்த்த மாதிரி ஆகும், புண்ணியமும் சேரும்.

அன்புடன்,
தான் யின்


பகான்
4-12-1959

அன்புள்ள அக்கா டோ தான் யின் அவர்களுக்கு,

கடிதம் கண்டு மகிழ்ச்சி. சத்திரம் கித்திரம் என்று போய்விடாதீர்கள், எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும். விடிந்தது முதல் எங்கள் எள் செக்கு கிறீச்சிடும். அதைப் பொறுத்துக்கொண்டால் மற்றபடி குறையிருக்காது.

உங்கள் ஊர்தான் மூத்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அக்கா, மூத்த ஊரில் பெரிதாக நிற்பது மூன்றே கோயில். எங்கள் ஊரில் மாடு கட்டக்கூட இடமில்லாமல் கோயில் நிற்கிறது!

நுவே யீ விடுமுறையில் வந்திருப்பாள். குதிரை வண்டி வைத்து எல்லாக் கோயிலையும் மியூசியத்தையும் அவளே உங்களுக்குக் காட்டுவதாகச் சொல்கிறாள். "அம்மா, நீ குறுக்கே பேசக் கூடாது, நான்தான் சொல்லுவேன்" என்று எனக்கு இப்போதே உத்தரவு.

அன்புத் தங்கை,
ஓன் ஷ்வே


ப்ரோம்
25-1-1960

அன்புச் சம்பந்திக்கு,

இனி அடக்குவதாக இல்லை, எழுதிவிட்டேன்!

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உங்கள் பனைவெல்லத்தைத் தெருவே கேட்டு வாங்கித் தின்றது. ஆனந்தாவில் அந்த நான்கு புத்தரையும் கண்ணால் பார்த்தபோது என் வாய் அடைத்துப்போனது உண்மைதான். அதை டின் லுவினிடம் சொல்லிவிடாதீர்கள். உங்கள் பெண் படித்த திமிர் இல்லாமல் பேசுகிறாள். மியூசியத்தில் அந்தப் பழைய கல்லெழுத்தை அவள் தண்ணீர் பட்ட பாடாக வாசித்ததைக் கேட்டு, பக்கத்தில் நின்றவர்கள்கூடக் கூடிவிட்டார்கள். "இது யார் பொண்ணு?" என்று ஒருத்தி கேட்டாள். "எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு" என்றேன். பெருமையாக இருந்தது.

அந்தக் கல்லைப் பற்றித்தான் ஒன்று. ராஜா கோயிலுக்கு விளக்கெரிக்க நிலம் கொடுத்தார், மாடு கொடுத்தார், கூடவே எண்ணெய் விட ஆட்களையும் அவர்கள் பிள்ளை குட்டி வம்சத்தோடு கொடுத்தார் என்று அவள் வாசித்தாளே, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தக் கோயில் அடிமைகளின் வம்சம் இன்னும் உங்கள் பக்கம் இருப்பதாகக் கேள்வி. எங்கள் ஊரில் அவர்கள் கையால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். கோயில் சொத்து குலநாசம் அல்லவா? வண்டிக்காரன், பூக்காரி எல்லாம் யார் எவர் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கல்யாண வேலைக்கு அப்படி யாரும் வந்துவிடக் கூடாது.

புத்த பௌர்ணமி வருகிற கசோன் மாதத்தில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமா?

அன்புச் சம்பந்தி,
தான் யின்


பகான்
8-2-1960

டோ தான் யின் அக்காவுக்கு,

விசாரிக்கச் சொன்னீர்கள். விசாரிக்க வெளியே போக வேண்டியதில்லை. அந்தக் கல்லில் சொல்லியிருப்பது எங்களைத்தான்.

நான் மறைக்கவில்லை அக்கா. நீங்கள் கேட்கவில்லை. எங்கள் தெருவில் கூரை வேய்ந்த வீடு எதில் வேண்டுமானாலும் நுழைந்து கேளுங்கள், சொல்வார்கள். வெள்ளைக்காரன் போய், சுதந்திரம் வந்து, அடிமை என்ற பேச்சே கிடையாது என்று சட்டமும் வந்தது. ஜனங்கள் வாய்தான் இன்னும் மாறவில்லை.

நுவே யீ உங்களை வேண்டுமென்றேதான் அந்தக் கல்லுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். வாசித்து முடித்ததும் நாங்கள்தான் அது என்று சொல்வதாக இருந்தாள். அன்று ராத்திரி என்னிடம் சொன்னாள்: "ராஜா பேர் வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டாங்கம்மா. நம்ம ஆளுங்க பேச்சு வந்ததும் கையக் கீழ போட்டுட்டாங்க. எனக்கு அதுக்கப்பறம் நாக்கு எழும்பல." என் பெண் அழுது நான் பார்த்தது குறைவு.

எனக்கு வருத்தம் உண்டு, வெட்கம் இல்லை. ராஜா ஒருநாள் வந்து எழுதிவைத்துவிட்டுப் போனார். தினமும் எண்ணெய் விட்டது நாங்கள். படையெடுப்பு வந்து ஊரே காலியானபோதும் எங்கள் ஆட்கள் போகவில்லை. அந்த வெளிச்சத்தில்தான் எல்லாரும் புத்தர் முகத்தைப் பார்த்தார்கள். இன்றைக்கும் எங்கள் செக்கில் முதலில் வடிகிற எண்ணெய் கோயிலுக்குத்தான். யாரும் கேட்டு நாங்கள் கொடுப்பதில்லை.

நீங்கள் எங்கள் வீட்டில் குடித்தது எங்கள் பானைத் தண்ணீர். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

முடிவை நீங்கள் சொல்லுங்கள்.

ஓன் ஷ்வே


ப்ரோம்
1-3-1960

மதிப்புக்குரிய டோ ஓன் ஷ்வே அவர்களுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சோறு இறங்கவில்லை என்றால் நம்புவீர்களா?

மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மொத வருஷமே எங்கிட்ட சொல்லிட்டாம்மா" என்கிறான் சாவதானமாக. "அப்ப நான் ஒருத்திதான் முட்டாளா?" என்று கத்தினேன். "கல்யாணம்னு பண்ணினா அவளத்தான்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் மக்வேக்குக் கப்பல் ஏறிவிட்டான். எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். உங்கள் பெண்ணை எனக்குப் பிடிக்கும், அதில் மாற்றமில்லை. கல்யாணத்தை மக்வேயில் சின்னதாக வைத்துக்கொள்வோம். உங்கள் தெருக்காரர்கள் வர வேண்டாம். ஊர் கேட்டால், உங்கள் பக்கத்து ஊரான நியாங்-ஊவில் எண்ணெய் வியாபாரம் என்று சொல்லிவிடுவோம். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. யோசியுங்கள்.

தான் யின்


பகான்
10-3-1960

டோ தான் யின் அவர்களுக்கு,

யோசிக்க ஒன்றுமில்லை. கல்யாணம் நடந்தால் பகானில், என் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, என் தெரு ஜனம் முழுவதும் உட்கார்ந்து சாப்பிட நடக்கும். இல்லாவிட்டால் வேண்டாம். நுவே யீயிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். "அவர நான் விட்டுட்டுக்கூட இருந்துருவேம்மா. உங்கள எல்லாம் ஒளிச்சு வச்சுட்டு இருக்க முடியாது" என்றாள். சொல்லிவிட்டு எழுந்துபோய்ச் செக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. இனிமேல் எழுத வேண்டாம்.

ஓன் ஷ்வே


ப்ரோம்
28-3-1960

சம்பந்தி அம்மாளுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். யார் சொல்லையும் கேட்டுப் பழக்கமில்லாதவள் நான்.

நேற்று என் நாத்தனார் வந்தாள். யார் அவள் காதில் போட்டார்களோ தெரியவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே, "நல்லவேள தப்பிச்ச அண்ணி. அதுங்க கையால ஒரு வாய் தண்ணி குடிப்போமா நாம?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உங்களுக்கு நான் எழுதிய அதே வார்த்தை. எழுதும்போது அது எனக்குச் சாதாரணமாகத்தான் இருந்தது. அவள் வாயால் கேட்டபோது காது கூசியது.

யோசிப்பதற்குள் பேச்சு வந்துவிட்டது. "யாரப் பாத்து அதுங்கன்ற? அவங்க என் சம்பந்தி. எண்ணூறு வருஷமா விளக்கு அணையாம பாத்துக்கிட்ட வீடு. உங்க வீட்டுல எண்ணூறு நாள் எதையாவது ஒழுங்கா செஞ்சிருக்கீங்களாடி?" என்றேன். அவள் வெற்றிலையை விழுங்கிவிட்டாள். அன்றைக்கு மியூசியத்தில் உங்கள் பெண் பக்கத்தில் நின்றபோது இருந்த பெருமை அப்படியே திரும்பி வந்தது.

என் மனசு முழுக்க மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சின்ன வயசிலிருந்து ஊட்டிய பயம், ஒரு நாளில் போய்விடுமா? போகும்வரை காத்திருந்தால் பிள்ளைகளுக்கு நரைத்துவிடும். பயத்தோடேயே வருகிறேன்.

அடுத்த கப்பலில் ஊறவைத்த தேயிலையோடு நானும் டின் லுவினும் வருகிறோம். நாத்தனாரும் வருகிறாள், நான்தான் இழுத்து வருகிறேன். உங்கள் தெரு ஜனங்களை அழைத்து வையுங்கள். எல்லார் எதிரிலும் உங்கள் மகளை என் மகனுக்குக் கேட்க வேண்டும்.

போன தடவை கேட்டபோது யாரைக் கேட்கிறேன் என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை தெரிந்து கேட்கிறேன்.

தான் யின்