என் இடுப்பு உயரத்துக்கு ஒரு சமையல் மேடை

அன்புக் கண்ணாவுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீயும் மருமகளும் நலமாக இருப்பதாக உன் சித்தி சொல்லித் தெரிந்துகொண்டேன். வீட்டைச் சீர்செய்து விற்கப் போகிறாய் என்பதும் அவள் சொல்லித்தான் தெரிந்தது, அதற்கு என்னென்ன செய்யலாம் என்று அவளிடம் முக்கால் மணி நேரம் கேட்டாயாமே. பெற்றவள் இருபது வருடமாகப் பழைய வீடுகளை வாங்கிப் புதுப்பித்து விற்றுக்கொண்டு இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன், எனக்குப் பின்னால் இந்தத் தொழிலுக்கு வந்த தங்கச்சியிடம் போய் யோசனை கேட்கிறாய். வயிறு எரிகிறது, மறைக்க மாட்டேன். போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

அவள் அதைச் சொன்ன நேரத்தையும் கேள். நான் புதுப்பித்து எட்டு மாதமாக விற்காமல் கிடந்த மூலை வீட்டில் நின்றிருந்தேன். அதே தெருவில் அவள் புதுப்பித்த வீடு பதினோரு நாளில் விற்றுப்போய்விட்டது. அன்று காலை என் வீட்டைப் பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள், அந்த அம்மா நல்ல உயரம். சமையல் மேடை முன்னால் குனிந்து பார்த்தவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைங்க விளையாடக் கட்டின மாதிரி இருக்கே என்று புருஷனிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் என்றைக்கு டேப் வைத்து அளந்தேன்? சுவரோரம் நின்று இடுப்பில் கை வைத்து, இங்கே போடுங்க மேஸ்திரி என்பேன், அதுதான் அளவு. என் உயரம்தான் உனக்குத் தெரியுமே. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த உன் சித்தி, அக்கா, நீ விக்கிறதுக்குக் கட்டலை, நீ குடியிருக்கக் கட்டுறே என்றாள், அந்த மூச்சிலேயே நீ அவளிடம் யோசனை கேட்டதையும் சொன்னாள். பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

ஆனால் அவள் உனக்குச் சொன்னதெல்லாம் யாருடையது என்று கேட்டாயா? முதலில் உன் குளியலறைக் கசிவு எங்கே என்று கண்டுபிடி, அப்புறம் பெயிண்ட் அடி என்றாளாம். ஈரச் சுவருக்கு நான் இரண்டு தடவை பெயிண்ட் அடித்து, அது கொப்புளம் கொப்புளமாக உரிந்தபோது பக்கத்தில் பிரஷ்ஷோடு நின்று பார்த்தவள் அவள். தெருவிலேயே பெரிய ஆடம்பரம் உன் வீட்டில் வேண்டாம் என்றாளாம், அது நான் கலர் கண்ணாடி பதித்த குளியலறை. இரண்டு படுக்கையறையை இடித்து ஒரே ஹாலாக்காதே என்றாளாம், அதுவும் நான்தான். குழியில் விழுந்தவள் நான், பார்த்து விலகி நடந்தவள் அவள், பெயர் மட்டும் அவளுக்கு. ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை என்று நீ சிரிப்பாய், சிரி. அவள் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். ஆட்கள் பார்க்க வருவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு கதவையும் குழாயையும் நீயே திறந்து மூடிப் பார். ஒரு கதவு பிடித்துக்கொண்டால் போதும், வருகிறவன் அஸ்திவாரத்தையே சந்தேகப்படுவான்.

மூலை வீட்டு மேடையை உடைத்து, டேப் பிடித்து உயர்த்திப் போட்டுவிட்டேன். அதில் ஒரு டீ போட எனக்கு முக்காலி வேண்டும். அந்த உயரமான அம்மாவே திரும்ப வந்து பார்த்து, வீட்டை எடுத்துக்கொள்கிறார்கள். முதல் ஆளாக வந்து என்னைக் கட்டிக்கொண்டவள் உன் சித்தி, அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. அப்போதுதான் நீ அவளுக்கு அனுப்பிய வீடியோவைக் காட்டினாள். உன் வீட்டை முதன்முதலாக அவள் போனில் பார்த்தேன் கண்ணா, அவள் விரல் பாதியை மறைத்தது. மீதியில் உன் சமையல் மேடை தெரிந்தது. தாழ்வாக இருந்தது. வீடு வாங்கிய வருடம், அம்மா வந்தா நிக்கணும்ல என்று சொல்லி நீ அப்படிப் போட்டாயாம். முதல்ல அதை உயர்த்து என்று அவள் சொன்னதும் நீ பேச்சை மாற்றிவிட்டாயாம். நானும் அதை உடைக்கச் சொல்வேன் என்றுதான் என்னிடம் கேட்கவில்லையா? வருடா வருடம் கையில் ஒரு வீட்டு வேலை இருக்கிறது என்று உன் வீட்டுக்கு வராமலே இருந்துவிட்டேன்.

சித்தி சொன்னது சரி, அதை உயர்த்தத்தான் வேண்டும். அடுத்த மாதம் நான் வருகிறேன், ஒரு வேளையாவது அதில் நின்று உங்கள் இருவருக்கும் சமைக்கிறேன். அதுவரை மேஸ்திரியைக் கை வைக்க விடாதே.

இருவரும் குறைவில்லாமல் நல்லா இருங்கள். குளியலறைக் கசிவை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
(இதைச் சித்திக்குப் படித்துக் காட்டாதே.)