பௌர்ணமியன்று வராத பஸ்

கீழ்பென்னாத்தூர்
வியாழக்கிழமை

அன்புள்ள சுருதி அப்பாவுக்கு,

குசுமாவதி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மாமாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. கடலைக்குக் களையெடுத்தாகிவிட்டது. தருமன் அண்ணன் நாளை தோகாவுக்குத் திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் சுருதியின் படிப்பு விஷயம் ஒவ்வொரு தடவையும் சண்டையில் முடிகிறது.

பௌர்ணமியன்று சுருதி பள்ளியிலிருந்து வர இருட்டிவிட்டது. கிரிவலக் கூட்டத்துக்காகத் திருவண்ணாமலையில் பஸ்களை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்துக்கு மாற்றியிருந்தார்கள். அவள் தினமும் ஏறும் ரோஸ் கலர் பஸ் அன்று ஸ்பெஷலாக வேறு ஊருக்குப் போய்விட்டது. நம் ஊர் வழியாகப் போகும் பஸ்கள் எத்தனையோ வந்தும் அவள் ஏறவில்லை. ஒரு கண்டக்டரிடம் கேட்டாளாம். “போர்டுலதான் கொட்டை எழுத்துல போட்டிருக்குதே, இவ்வளவு பெரிய பொண்ணு, இதுகூடப் படிக்கத் தெரியாதா?”னு சிரித்தாராம். பிறகு யாரையும் கேட்கவில்லை. நான்தான் தேடிப் போய் அழைத்து வந்தேன். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவது நம் சமண வழக்கமில்லையென்று சாப்பிடவும் மறுத்துவிட்டாள். இத்தனை நாளும் நிறத்தைப் பார்த்துத்தான் பஸ் ஏறியிருக்கிறாள்.

மறுநாள் அவளோடு வேங்கிக்காலுக்குப் போனேன். எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைகளுக்கென்று அங்கே இருக்கும் தனியார் பள்ளியைத்தான் சொல்கிறேன். இந்த மாதிரி இடங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சுவர் முழுக்க மேதைகளின் படங்கள். இந்தக் குறை ஒரு வரம் என்று ஒரு வாசகம். வரம் வாங்கிய பெண் ஏன் பஸ் நிலையத்தில் அழுதுகொண்டு நின்றாள் என்று மணிமொழி டீச்சரிடம் கேட்டும்விட்டேன். “அந்த வாசகம் எனக்கும் பிடிக்காதுங்க. மார்க் ஜாஸ்தி வரும்னு சொல்லமாட்டேன். ஒவ்வொரு சத்தமா பிரிச்சு, திரும்பத் திரும்பச் சொல்லித் தருவோம். பஸ் போர்டு படிச்சிடுவா”னு சொன்னார். அதற்கு மேல் எதையும் சொல்லிக் கவர முயலாததால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

ஒரு வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்த சுருதி, “தப்பா படிச்சா அங்க யாருமே திரும்பிப் பாக்கலம்மா”னு சொன்னாள்.

சேர்க்க உங்கள் சம்மதமும் வேண்டுமாம். மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். சோம்பேறித்தனம், ட்யூஷன் வைத்தால் போதும் என்பீர்கள். பெண்ணுக்கு மக்கு என்று பேர் கட்டிவிடுவார்கள் என்பீர்கள். காதால் கேட்டே எல்லாப் பாடத்தையும் மனப்பாடம் செய்து எட்டாவது வரை வந்தவள் சோம்பேறியா?

இது வழிவழியாக வருவதும் உண்டாம். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று டீச்சர் கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து உங்களுக்கு வரும் காகிதங்களை நான்தான் படித்துச் சொல்கிறேன்; ஏன் என்று உங்களிடம் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. பெரிய எழுத்தில், இடம் விட்டு எழுதியிருக்கிறேன். அவசரமில்லை, இரண்டு மூன்று நாள் வைத்துப் படியுங்கள்.

நேற்று சுருதி, “நம்ம வீட்ல நான் மட்டும்தான் இப்படியாம்மா?”னு கேட்டாள். அப்பாவிடம் கேட்டுக்கொள் என்றுவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை லீவில் போன் செய்யும்போது மார்க்கைக் கேட்காதீர்கள். அவளுக்கு அந்தப் பதிலை நீங்களே சொல்லுங்கள். பக்கத்தில் நான் இருக்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
குசுமாவதி