வெந்நீரில் ஏறும் ஊதா

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்களுக்கும் உடம்புக்குக் குறைவில்லை, மற்றதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். போனில் பேசினால் மருமகள் பக்கத்தில் இருப்பாள், அவளுடைய அப்பா சங்கதி என்பதால் கடிதம்.

உன் தங்கை திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகவில்லை. நம் வீடு உன் மாமாவின் கம்பெனிக் காம்பவுண்டுக்குள் இருக்கிறதே, அவன் சொல்லிவைத்ததால் காவல்காரர் எங்களுக்குக் கேட்டைத் திறப்பதில்லை. கடைக்கு என்றாலும் "சார் சொல்லணும்மா" என்கிறார், பாவம், தரையைப் பார்த்துக்கொண்டுதான். இந்தக் கடிதத்தைக்கூடப் பால்காரரிடம் கொடுத்துத்தான் தபாலில் போட வேண்டும்.

கைக்குத் தடவும் சானிடைசரில் மெத்தனால் இருக்கிறதா என்று பார்ப்பதுதானே அவள் வேலை. ஏதேதோ அமிலம் ஊற்றிக் கண்ணாடிக் குழாயை வெந்நீரில் நிறுத்தினால், அந்த விஷம் துளி இருந்தாலும் ஊதா ஏறுமாம், அளவு தெரிந்த குழாய்களைப் பக்கத்தில் வைத்து எவ்வளவு என்று சொல்லிவிடுவாளாம். இந்தத் தடவை நல்ல கத்தரிப்பூ நிறம். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய சரக்கு, அவள் கையெழுத்துக்காகக் கிடங்கில் நிற்கிறது. உன் மாமாவோ, வெந்நீரில் வைப்பதற்கு முன்பே பார்த்து நிறமில்லை என்று எழுதச் சொல்கிறான். நேற்று வந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "அக்கா, பொய்யா எழுதச் சொல்றேன்? பார்த்ததைத்தானே எழுதச் சொல்றேன். குடியிருக்கிற வீட்டையும் நினைச்சுக்கச் சொல்லு" என்றான். உன் அப்பாவை எடுத்துக்கொண்டு போன அன்று காபியில் சர்க்கரை போதவில்லை என்றவன், எனக்கு மறக்குமா. அவன் வீட்டில் இன்றைக்கும் எல்லாரும் சோப்புப் போட்டுத்தான் கை கழுவுகிறார்கள்.

அவனை விடு. நீயும் தங்கையிடம், கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போ, எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றாயாம். உனக்கு அவன் மாமனார், உன் கழுத்திலும் கயிறு கிடக்கிறது, தெரியும். எனக்கும் இந்த வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை. போடு என்று சொல்ல வாய் வரவில்லை, போடாதே என்றும் வரவில்லை. காலையில் அடுப்படியில் கேட்டாள், "ஏம்மா, அண்ணன் பிள்ளைங்க கையில தடவுறதா இருந்தா அண்ணன் போடச் சொல்லுவானா?"

நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். பதிலை நீ எழுது, எனக்கல்ல, அவளுக்கு. பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், எல்லாரும் நிறைவாக இருங்கள். படித்த கையோடு எழுது, சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று வைக்காதே. எழுதாவிட்டால் அதையும் நான் மறக்க மாட்டேன்.

உன் அம்மா