பெரகலை ஏற்றம், இரண்டாம் கியர்

ஒக். 3, வெள்ளி

மழை. விடிந்ததிலிருந்து விடவில்லை. கராஜ் கூரை ஒழுகும் இடத்தில் பெயின்ட் வாளி வைத்தாயிற்று.

இன்று காரின் என்ஜின் ஹெட்டைக் கழற்றினேன். பதினொரு நட். பத்து மரியாதையாக வந்தன. பதினொன்றாவது, பின்பக்கம் இருப்பது, என் மாமியார் மாதிரி. டீசல் ஊற்றி, தட்டி, திட்டி, ஒரு மணிக்குத்தான் அசைந்தது. மத்தியானம் சாப்பாடு இல்லை. பாணும் சம்பலும்.

என் வீட்டுக்காரர் மோ. வர இன்னும் பதினான்கு நாள். கட்டாருக்குப் போய் நாலு வருடம். நடுவில் ஒரே ஒரு லீவு. அதற்குப் பிறகு கேட்டால் "வேலை ஜாஸ்தி, வசந்தி". இந்தத் தீபாவளிக்கு வருகிறாராம்.

அவர் வருமுன் செய்ய:
– ஹெட் சீவ. மாவனல்லை, நிசார் நானா. வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது.
– வால்வு எட்டும் தேய்க்க.
– புகைக் குழாய் புதிதாக வளைக்க. பழையது குறுகல்.
– காபரேட்டர் இரண்டுக்கும் ஊசி மாற்ற.
– சீட் தைக்க.
– அவரிடம் வாய் தவறிச் சொல்லாமல் இருக்க.

கடைசியதுதான் கஷ்டம். தினமும் போனில் நாக்கு நுனி வரை வருகிறது.

கார் பச்சை நிறம், இரண்டே சீட், எங்கள் இருவரையும்விட வயதானது. தோட்டத்துத் துரை பங்களா ஷெட்டில் கோழி அடைகாத்துக் கிடந்ததை மோ. கெஞ்சிக் கூத்தாடி வாங்கி ஓடவைத்தார். கல்யாணமாகி மூன்றாம் மாதம் என்னை ஏற்றிக்கொண்டு அப்புத்தளைக்குக் கிளம்பினார். பெரகலை ஏற்றத்தில் முதல் கியரிலும் முடியாமல் நின்றுவிட்டது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான்தான் தள்ளினேன். பஸ்ஸில் போனவர்கள் கைதட்டினார்கள். "சிரிக்கட்டும் விடு. ஒரு நாளைக்கு நம்ம ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு இது ரெண்டாம் கியர்லயே ஏறும் பாரு" என்றார். பதினாறு வருடமாயிற்று. ஊரார் வேனைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. இப்போது நான் செய்கிறேன்.

ஒக். 5, ஞாயிறு

மாவனல்லை. மூன்று பஸ். ஹெட்டைத் துவாயில் சுற்றி அரிசிச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். இடுப்பு இல்லை.

கண்டக்டர்: "நோனா, ஹால்த?" அரிசியா என்று கேட்கிறான். "என்ஜின்" என்றேன். "பிஸ்ஸுத?" என்றான். பைத்தியமா என்று கேட்டுவிட்டு, சாக்குக்கும் அரை டிக்கெட் போட்டான்.

நிசார் நானாவின் பட்டறை மாறவேயில்லை. அதே இயந்திரம், அதே ரேடியோ. தாடி மட்டும் வெளுத்துவிட்டது.

"எவ்வளவு சீவ, தங்கச்சி?"

"அறுபது தௌ, நானா." (தௌ = அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. தலைமுடி மூன்று தௌ இருக்கும். ஆக இருபது முடி கனத்துக்கு ஹெட் குறைய வேண்டும். அப்போதுதான் அழுத்தம் கூடும், இழுவை கூடும்.)

"கூடிப் போகாதா?"

"ரெண்டு தடவ அளந்துட்டேன். வால்வு முட்டாது."

"மோகன் சொன்னயா செய்யச் சொல்லி?"

"அவருக்குத் தெரியாது. வந்து பாத்து அசந்து போகணும்."

நானா இயந்திரத்தை நிறுத்தினார். கையை வெகு நேரம் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"தங்கச்சி, போன மாசம் மோகன் எனக்கு கோல் எடுத்த. இந்தக் கார வாங்க ஆள் ஈக்கா எண்டு கேட்ட. ரத்னபுர மாணிக்கக்கல் யாவாரி ஒருத்தர்ட நம்பர் குடுத்த நான். உங்களுக்குத் தெரியும் எண்டுதான் நெனச்ச."

"தெரியும் நானா" என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது பொய்.

அவர் நம்பவில்லை. ஆனாலும் ஹெட்டைச் சீவித் தந்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் என் முகம் தெரிந்தது, பார்க்கப் பிடிக்கவில்லை. வரும் வழியில் மழையா வெயிலா, நினைவில்லை.

ஒக். 6, திங்கள், போயா

பௌர்ணமி லீவு, கராஜ் பூட்டு. மூன்று தடவை அடித்த பிறகு மோ. போனை எடுத்தார்.

"காரை விக்கிறீங்களா?"

"ஆமா வசந்தி. நானே நேர்ல வந்து சொல்லலாம்னு இருந்தேன். நீ கையெழுத்து போடணும். புக்கு உன் பேர்லதானே இருக்கு."

அது உண்மை. வாங்கியபோது அவருக்கு ஏழரைச் சனி. இரும்பு ஆகாது, சம்சாரம் பேரில் எழுதுங்கள் என்று கோயில் ஐயர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டு வண்டிகள் இப்படித்தான் பெண்கள் பேரில் இருக்கின்றன, ஓட்டுவது ஆண்கள். என் பேரில் எழுதினால் சனிக்கு அடையாளம் தெரியாதாம். நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"எதுக்கு விக்கணும்?"

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது.

"யாரு வீட்டுப் புள்ள?"

அவர் கதவைச் சாத்தும் சத்தம்.

"என்னங்க, யாரு வீட்டுப் புள்ள?"

"என் புள்ளதான், வசந்தி."

சொன்னவை, வரிசைப்படி: ஒன்றரை வயது. பெண். தாய் குருநாகல்காரி, கட்டாரில் இருவருக்கும் ஒரே கட்டடத்தில் வேலை. திட்டம் போட்டுச் செய்யவில்லையாம். தப்புதானாம். வீட்டையும் கராஜையும் நானே வைத்துக்கொள்ளலாமாம். கார் விற்ற காசு மட்டும் வேண்டுமாம், அவர்களுக்கு ஒரு வீடு எடுக்க. தீபாவளிக்கு வருவது கையெழுத்துக்குத்தான்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒன்பது வருடம் ஆஸ்பத்திரி, விரதம், அரச மரத்தில் தொட்டில். அவரும் கூடத்தான் வந்து கட்டினார். முடிச்சு அவர்தான் போட்டார்.

"பேரு என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். சொன்னார். இங்கே எழுத மாட்டேன். நான் யோசித்து வைத்திருந்த பெயர்களில் ஒன்று.

ஒக். 7, செவ்வாய்

ஒன்றும் செய்யவில்லை.

ஒக். 8, புதன்

காலையில் வெயில், இரண்டு மணிக்கு இடி. பொலித்தீன் இழுத்துக் கட்டினேன்.

வால்வு தேய்த்தேன். பேஸ்ட் தடவி, கோலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, மோர் கடைகிற மாதிரி இப்படியும் அப்படியும். வால்வின் விளிம்பைச் சுற்றி சாம்பல் நிற வளையம் அறாமல் விழவேண்டும். ஒரு இடத்தில் அறுந்தாலும் அங்கே அழுத்தம் கசியும். ஒன்று முதல் ஐந்து வரை சரி. ஆறாவதில் அழுகை வந்துவிட்டது. பேஸ்டில் கண்ணீர் விழுந்தால் ஒன்றும் ஆகாது போலிருக்கிறது. வளையம் நன்றாகத்தான் விழுந்தது.

திரீவீல் ஓட்டும் சுனில் ஹோர்னைச் சரிசெய்ய வந்தான். "அக்கே, மேக்க ரேஸ் யனவத?" ரேஸுக்கா போகிறது என்று கேட்கிறான். ஓமென்று சொல்லி அனுப்பினேன்.

ஏன் இன்னும் இதைச் செய்துகொண்டிருக்கிறேன்? யாரும் படிக்கப் போவதில்லை, உள்ளதை எழுதுகிறேன். ஒரு தடவை அவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து பெரகலையை இரண்டாம் கியரில் ஏறிவிட்டால் அவர் மனசு திரும்பிவிடும் என்று ஒரு நப்பாசை. அவர் சொன்ன வாக்குதானே. நிறைவேறியதைக் கண்ணால் பார்த்தால், இந்தக் கைகளைப் பார்த்தால், போக மனசு வராது. கூறுகெட்ட எண்ணம் என்று தெரியும். அதைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழும்புகிறேன்.

அந்தக் குழந்தை என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. யோசிக்கவும் மாட்டேன்.

ஒக். 11, சனி

ஹெட் பூட்டியாயிற்று. நடுவிலிருந்து தொடங்கி வெளியே, சுற்றிச் சுற்றி, மூன்று தடவையாக இறுக்கினேன். அவசரப்பட்டு ஒரு ஓரத்திலிருந்து இறுக்கினால் கோணிக்கொள்ளும், அப்புறம் நிசார் நானா வந்தாலும் நிமிர்த்த முடியாது.

புகைக் குழாய் வளைத்து வெல்டிங்கில் ஒட்டினேன். நான்கு தனிக் குழாய், கடைசியில் ஒன்றாகச் சேர்கிறது. இடது மணிக்கட்டில் சூடு. பற்பசை தடவியிருக்கிறேன்.

கோபமும் வருகிறது. நேற்று அவருடைய பழைய ஸ்பேனர் பெட்டியை ஒரு உதை. கால் வீங்கியதுதான் மிச்சம்.

ஒக். 14, செவ்வாய்

ஓடியது!

நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், முன்னால் ஒரு கற்பூரம். 95 பெற்றோல்தான் ஊற்ற வேண்டும் இனி, சாதாரணத்துக்கு என்ஜின் தட்டும். இரண்டு தடவை இருமியது, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. பழைய புறுபுறு இல்லை. அடிவயிற்றிலிருந்து வரும் சத்தம். ரோட்டில் போன சுனில் வண்டியை நிறுத்திவிட்டான். "அக்கே, சிங்ஹயெக் வகே!" சிங்கமாம்.

ஒரு நிமிடம் எல்லாம் மறந்துவிட்டது. மோ.வுக்குக் கேட்க வைக்கலாம் என்று போனை எடுத்து நம்பரை அழுத்திவிட்டேன். மணி அடிக்குமுன் நினைவு வந்தது. வெட்டினேன்.

பலாங்கொடை வரை தனியாக ஓட்டிப் பார்த்தேன். மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டுகிறது. வந்து குப்புறப் படுத்துவிட்டேன்.

ஒக். 17, வெள்ளி

வந்தார். தங்குவது பலாங்கொடையில் அவர் அக்கா வீட்டில். நாலு மணிக்கு கராஜ் வாசலில் வந்து நின்றார், வாடிக்கையாளர் மாதிரி. மெலிந்திருக்கிறார். தலைக்குச் சாயம்.

கொண்டுவந்தது: ஒரு சென்ட் போத்தல், ஒரு பெட்டி பேரீச்சம்பழம்.

"எப்படி இருக்க?"

"இருக்கேன்."

தேத்தண்ணி போட்டேன். கை தன்பாட்டில் மூன்று கரண்டி சீனி போட்டுவிட்டது. ஒரு மிடறு குடித்துவிட்டு, "சீனி விட்டுட்டேன் வசந்தி" என்றார். அவள் விடவைத்திருப்பாள். நான் பதினாறு வருடம் சொல்லிக் கேட்காதது.

படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். சொன்னேன்: "ஞாயித்துக்கெழம பெரகலைக்குப் போறோம். ரெண்டு பேரும். இதுலதான். வந்த பொறகு போடுறேன்."

"அது ஏறாதே வசந்தி."

"வாங்க, பாத்துக்கலாம்."

அவன் என்று எழுதலாம் என்று பார்த்தேன். கை வரவில்லை.

ஒக். 19, ஞாயிறு

காலையில் வானம் சுத்தம். மாம்பழக் கலர் புடவை. போகும்போது ஏன் இதை உடுத்தினேன் என்று எனக்கே வெட்கம்.

நான்தான் ஓட்டினேன். பலாங்கொடை, பெலிஹுல்ஓய, ஹல்துமுல்ல. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெரகலைச் சந்தியில் இடது பக்கம் திரும்பி, இரண்டாம் கியர். மிதித்தேன்.

ஏறியது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு. சூட்டு முள் நடுவிலேயே நின்றது. நான் பதினாறு வருடத்துக்கு முன்னால் தள்ளிய இடம் வந்தது, போயிற்று. அதை அவரும் பார்த்தார். தலையை வெளியே நீட்டிச் சத்தத்தைக் கேட்டார். முன்னால் போன மரக்கறி லொறியை வெட்டி முந்தினேன். அப்போது சிரித்தார். பழைய சிரிப்பு, வாய் முழுக்க. டேஷ்போர்டைக் கையால் அடித்தார். "ஏறுடி! ஏறு ஏறு!" என்னையா காரையா, தெரியாது. திரும்பிவிட்டார், மனசு திரும்பிவிட்டது என்று நினைத்தேன். கடவுளே, அந்த நாலு கட்டைத் தூரமும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

உச்சியில் நிறுத்தினேன். இறங்கி பொனட்டைத் திறந்தார். குழாயின் ஒட்டுக்களைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"யாரு ஒட்டுனது?"

"நான்தான்."

"ஹெட்டு?"

"நிசார் நானா சீவுனாரு. மத்தது எல்லாம் நான்."

நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. சத்தியமாகக் கலங்கியிருந்தது. "வசந்தி" என்றார். நான் காத்திருந்தேன்.

"இதுக்கு அந்த மாணிக்கக்கார மாத்தயா சொன்ன விலைய விட கூடவே கேக்கலாம்."

இறக்கத்திலும் இரண்டாம் கியர்தான்.

ஒக். 20, திங்கள், தீபாவளி

எண்ணெய் வைக்கவில்லை. தோட்டத்து லய வீடுகள் பக்கம் வெடிச்சத்தம். பக்கத்து வீட்டு முறுக்கு ஒரு தட்டு, அப்படியே இருக்கிறது.

ஒக். 22, புதன்

தூறல். மாணிக்கக்கார மாத்தயா பத்து மணிக்கு வந்தார். நல்ல மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு கராஜுக்குள் வந்தார். சுற்றிப் பார்த்தார். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். கேட்டுவிட்டு, என்ஜின் செய்தது யார் என்று சிங்களத்தில் கேட்டார்.

"மம" என்றார் மோ. நான் என்று.

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்தேன்.

ஹெட்டில் எவ்வளவு எடுத்தீர்கள் என்று கேட்டார். மோ. என் பக்கம் திரும்பினார். கராஜில் எங்கள் வழக்கம் அது. அவர் வண்டிக்கு அடியிலிருந்து கேட்பார், அளவு எல்லாம் என் தலையில் இருக்கும், நான் சொல்வேன். "அறுபது" என்றேன், தமிழில். அதைச் சிங்களத்தில் சொன்னார். வால்வு இடைவெளி? "பதினஞ்சு, சூட்டுல." சொன்னார். எந்தப் பெற்றோல்? "தொண்ணூத்தஞ்சு." சொன்னார். ஒவ்வொன்றுக்கும் மாத்தயா அவரைப் பார்த்து மெச்சித் தலையாட்டினார்.

படிவத்தை பொனட்டின் மேல் வைத்து என் பெயரை எழுதிக் கொடுத்தேன். பொனட் இன்னும் சூடு.

மாத்தயா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, இவ்வளவு பாடுபட்டுச் செய்த காரை எதற்காக விற்கிறீர்கள் என்று கேட்டார்.

மோ. அதற்கும் என் பக்கம் திரும்பினார்.